இதயத்தின் மோட்டாருக்குக் கரண்ட் கண்டுபிடித்தவர்



ஐப்பசி மழையில் நம் பேஸ்மென்ட்டில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற அந்த ராத்திரி எல்லோருக்கும் நினைவிருக்கும். கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது. சம்ப் மோட்டார் நின்றது. விடிவதற்குள் லிப்ட் குழியிலும் தண்ணீர் ஏறிவிட்டது. பி பிளாக் பையன்கள் பக்கெட் வைத்து இறைத்தார்கள். நானும் கை கொடுக்கலாம் என்று இறங்கினேன். ஸ்டென்ட் வைத்த ஆள் எதற்கு இங்கே வருகிறீர்கள், மேலே போய் உட்காருங்கள் என்று துரத்திவிட்டார்கள். மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இந்த இதழின் ‘மறந்த மனிதர்கள்’ பக்கத்துக்கு யாரைப் பற்றி எழுதுவது என்று முடிவானது.

நான் முப்பது வருடம் மருத்துவமனை லேப்பில் வேலை பார்த்தவன். ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. அதன் பெயர் ஃபிஸ்கே - சுப்பாரோ முறை. மாலிப்டேட் கரைசலை ஊற்றி, இன்னொரு மருந்தைச் சேர்த்தால் குழாயில் நீல நிறம் வரும். பாஸ்பரஸ் கூடக் கூட நீலம் அடர்த்தியாகும். தினமும் இருபது, முப்பது குழாய் பார்த்திருப்பேன். ஃபிஸ்கே, சுப்பாரோ இரண்டு பேருமே வெள்ளைக்காரர்கள் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். சுப்பாரோ என்பது நம் சுப்பாராவ் என்று ஓய்வு பெறும் சமயத்தில்தான் தெரிந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திராவில் இருக்கிறது. அன்று நம் சேலம் ஜில்லா மாதிரி அதுவும் சென்னை மாகாணம்தான். அப்பா ஜகந்நாதம் ரெவின்யூ இலாகாவில் சாதாரண உத்தியோகம். அம்மா வெங்கம்மா. ஏழு பிள்ளைகளில் சுப்பாராவ் நாலாவது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் குடும்பம் கஷ்டத்தில் விழுந்தது. பதின்மூன்று வயதில் பையன் வீட்டை விட்டு ஓடினான். காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்பது திட்டம். அம்மா ஆள் அனுப்பிப் பாதி வழியிலேயே பிடித்து வந்துவிட்டார். படிப்பும் சுலபமாக வரவில்லை. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறைதான் தேறினார். அதுவும் சென்னைக்கு வந்து, இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகு. நம் பிளாக்கில் பரீட்சை முடிவு வரும் நாளில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காரும் பெற்றோர் இந்த ஒரு வரியைத் திரும்பப் படிக்கலாம்.

அவருக்கு ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக ஆசை. அம்மா விடவில்லை. மடத்துப் பெரியவர்களும், மருத்துவம் படித்தால் நாலு பேருக்கு உபயோகமாக இருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படித்தான் 1915-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் போனார். 1919-இல் சேஷகிரியைக் கல்யாணம் செய்துகொண்டார். படிப்புச் செலவில் பெரும் பகுதியை மாமனார் ஏற்றுக்கொண்டார்.

காந்தி கதர் உடுத்தச் சொன்ன காலம் அது. இவர் அறுவை சிகிச்சை வகுப்புக்கே கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் தராமல், அதற்கு ஒரு படி கீழே உள்ள எல்.எம்.எஸ். பட்டத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கீழ்ப்படிப் பட்டத்தை வைத்துக்கொண்டு அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்தது.

இதற்கு நடுவில் வீட்டில் பெரிய இடி. ஸ்ப்ரூ என்று ஒரு குடல் நோய். சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது. ரத்தம் வற்றி, ஆள் கரைந்து போவார். அதில் அண்ணன் தம்பிகளில் இரண்டு பேர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்து போனார்கள். சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்தில் பிழைத்தார். தனக்குத் தெரிந்த மேனாட்டு மருத்துவத்தில் இந்த நோய்க்குப் பதில் இல்லை என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. வெளிநாடு போய்க் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார். மாமனார் கொடுத்ததும், காக்கிநாடாவில் ஒரு தர்ம ஸ்தாபனம் கொடுத்ததும் கப்பலுக்குப் போதுமானதாக இருந்தது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் இறங்கினார். சேஷகிரி இங்கேயே இருந்தார். போனவர் திரும்பி வரவே இல்லை. இதைப் படிக்கும் யாருக்கும் இந்த இடத்தில் மனது கொஞ்சம் கசக்கும். எனக்கும்தான். அதற்காக விஷயத்தை மறைத்து எழுத முடியாது.

பாஸ்டனில் கையில் காசு இல்லை. பகலில் ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய படிப்பு. ராத்திரியில் அதே ஊர் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் மலச்சட்டி, மூத்திரச்சட்டி கழுவும் வேலை. இங்கே டாக்டர் என்று கையெழுத்துப் போட்டவர் அங்கே அதைச் செய்தார். படிப்பு முடிந்ததும் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார்.

இனிதான் நம் நீலக் குழாய்க்கு வருகிறோம். 1925-இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் பாஸ்பரஸ் அளக்கும் அந்த முறையை வெளியிட்டார்கள். அதை ரத்தத்தில் போட்டுப் பார்த்தார்கள், சரியாக வந்தது. சிறுநீரில் போட்டார்கள், சரியாக வந்தது. தசையை அரைத்து எடுத்த சாற்றில் போட்டபோது மட்டும் ஒரு சங்கடம். நீலம் உடனே வரவில்லை. கொஞ்சம் வந்தது, பிறகு நிமிஷக் கணக்கில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. என்னை மாதிரி ஆளாக இருந்தால் மருந்து கெட்டுவிட்டது என்று குழாயைக் கழுவி வைத்துவிட்டு வேறு பாட்டிலைத் திறந்திருப்பேன். இவர்கள் கழுவவில்லை. ஏன் ஏறுகிறது என்று உட்கார்ந்து யோசித்தார்கள். தசைக்குள் பாஸ்பரஸ் வேறு ஏதோ ஒன்றோடு லேசாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அமிலம் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகிறது, வர வர நீலம் கூடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த வேறு ஏதோ ஒன்று கிரியேட்டின். இரண்டும் சேர்ந்த பொருளுக்குப் பாஸ்போகிரியேட்டின் என்று பெயர். இது வெளிவந்தது 1927-இல். அதே சமயத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும் இதே பொருளைத் தொட்டிருந்தார்கள்.

தசையைத் தூண்டி வேலை செய்ய வைத்தால் இந்தப் பொருள் குறைந்தது. ஓய்வு கொடுத்தால் திரும்ப ஏறியது. அதுவரை, தசை சுருங்குவதற்குக் காரணம் லாக்டிக் அமிலம் என்றுதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். தசையையும் லாக்டிக் அமிலத்தையும் பற்றிய ஆராய்ச்சிக்கு ஹில், மேயர்ஹாஃப் என்ற இருவருக்கு நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள். அந்தப் பாடம் இதோடு ஆட்டம் கண்டது.

1929-இல் இன்னொன்று. தசையிலிருந்து மூன்று பாஸ்பேட் கோத்த ஒரு பொருளைப் பிரித்தார்கள். அதுதான் ஏ.டி.பி. நம் வீட்டுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலிருந்து பரீட்சைக்கு உருப்போடும் அதே ஏ.டி.பி. ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே வருடம் அதைக் கண்டுபிடித்து அறிவித்தார். புத்தகங்களில் பெரும்பாலும் லோமன் பெயர்தான் முதலில் வரும். யார் முதல் என்ற தகராறுக்குள் நான் போகவில்லை. இரண்டு இடத்திலும் தனித்தனியாகத்தான் நடந்தது.

அவர்கள் அரைத்தது கை கால் தசை வகையைச் சேர்ந்தது, இதயத் தசையை அல்ல. ஆனால் இதயத்துக்கும் எரிபொருள் அதுவேதான். எப்படி என்று பார்க்க, மறுபடி நம் பேஸ்மென்ட்டுக்கு இறங்க வேண்டும்.

இதயத் தசை என்பது கோடிக்கணக்கான சின்னச் சின்ன செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி வெளியே உப்புத் தண்ணீர். அதில் சோடியம் நிறைய. செல்லுக்கு உள்ளே இருக்கும் சோடியம் வெளியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழேயோ, கிட்டத்தட்ட அந்த அளவோதான். ஒவ்வொரு துடிப்பிலும் வெளியிலிருந்து சோடியம் உள்ளே கசிகிறது. மழைத் தண்ணீர் பேஸ்மென்ட்டுக்குள் இறங்குகிற மாதிரி. அதை வெளியே இறைக்கச் செல்லின் சுவரில் மோட்டார்கள் உண்டு. ஒரு சுற்றுக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அந்த ஒரு சுற்றுக்கு ஒரு ஏ.டி.பி. செலவு. அதாவது மோட்டாருக்குக் கரண்ட் ஏ.டி.பி.

அப்படியானால் பாஸ்போகிரியேட்டின் என்ன? நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிதான். ஏ.டி.பி. செலவான அடுத்த நொடியே தன்னிடம் உள்ள பாஸ்பேட்டைக் கொடுத்து அதைத் திரும்ப நிரப்பும். இதயம் ஒரு நாளைக்குப் பல கிலோ ஏ.டி.பி.யைச் செலவழிக்கிறது, ஆனால் எந்த நேரத்திலும் கையிருப்பு சில நொடிகளுக்குத்தான். செய்து செய்து, செலவழித்துச் செலவழித்துத்தான் ஓடுகிறது. நம் சங்கத்தின் பராமரிப்பு நிதி மாதிரி என்று பொருளாளர் சிரிப்பார்.

சரி, சோடியம் உள்ளே ஏறினால் என்ன கெட்டுவிடும்? இங்கேதான் லிப்ட் வருகிறது. இதயத் தசையைச் சுருங்க வைப்பது சோடியம் அல்ல, கால்சியம். துடிப்பு வரும்போது செல்லுக்குள் கால்சியம் ஏறும், தசை சுருங்கும். கால்சியம் இறங்கினால்தான் தசை தளரும். தளர்ந்தால்தான் அடுத்த துடிப்புக்கு ரத்தம் நிரம்பும். அந்தக் கால்சியத்தில் பெரும் பகுதி செல்லுக்குள்ளேயே இருக்கும் ஒரு கிடங்குக்குத் திரும்பிப் போகும். மீதி செல்லுக்கு வெளியே போயாக வேண்டும். வெளியே அனுப்பும் வழி நம் லிப்ட்டைப் போன்றது. லிப்ட்டில் ஒரு பக்கம் கவுன்ட்டர் வெயிட் கீழே இறங்கினால் இன்னொரு பக்கம் பெட்டி மேலே ஏறும். இங்கே மூன்று சோடியம் உள்ளே இறங்கும்போது ஒரு கால்சியம் வெளியே ஏறுகிறது. குழி காலியாக இருக்கும் வரை வெயிட் சுலபமாக இறங்கும். குழியில் தண்ணீர் நின்றால்? வெயிட் இறங்காது, பெட்டியும் ஏறாது. செல்லுக்குள் சோடியம் தேங்கினால் கால்சியம் வெளியே போவது மந்தமாகும். அது உள்ளேயே தங்கும்.

கொஞ்சம் தங்கினால் துடிப்பு பலமாகும். இதயம் பலவீனமானவர்கள் சிலருக்கு டாக்டர்கள் டிகாக்சின் மாத்திரை கொடுப்பது இதற்காகவே. அது அந்த மோட்டாரை லேசாக மட்டுப்படுத்தி, சோடியத்தைச் சற்றே ஏற விட்டு, அதன் மூலம் கால்சியத்தைக் கூட்டுகிறது. அளவு ஒரு மயிரிழை தாண்டினாலும் வினையாகும். துடிப்பு தாறுமாறாகும், தசை முழுசாகத் தளராது. அதனால்தான் அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

சோடியம் என்றதும் ஊறுகாய் ஜாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாம் சாப்பிடும் உப்பு ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் சம்பந்தப்பட்டது, அது வேறு கணக்கு. வயதானவர்களுக்கு உப்பு இறங்கிவிட்டது என்று அட்மிட் செய்கிறார்களே, அது ரத்தத்தில் உள்ள சோடியம். நான் சொல்வது செல்லுக்கு உள்ளே இருப்பது. அதைக் குறைவாக வைத்திருப்பது நம் நாக்கின் வேலை அல்ல, அந்த மோட்டாரின் வேலை.

இந்த மோட்டாரைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கௌ. நண்டின் நரம்பை அரைத்துப் பார்த்து, ஏ.டி.பி.யை உடைக்கும் ஒரு நொதி சோடியத்தோடும் பொட்டாசியத்தோடும் சேர்ந்து வேலை செய்கிறது என்று 1957-இல் எழுதினார். நாற்பது வருடம் கழித்து, 1997-இல், அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சுப்பாராவ் அதைப் பார்க்க இல்லை. கரண்ட் எது என்று சொல்லிவிட்டு, மோட்டார் எங்கே இருக்கிறது என்று தெரியும் முன்பே போய்விட்டார்.

இதே இடத்தில் நம் குடியிருப்பு சம்பந்தமாக ஒன்று. சுற்றுச்சுவர் ஓரம், பிள்ளைகள் விளையாடும் மணல் பக்கத்தில் நிற்கும் மஞ்சள் அரளியை எடுத்துவிட வேண்டும் என்று மூன்று கூட்டமாகச் சொல்லி வருகிறேன். பூஜைக்குப் பூ வேண்டும் என்று எதிர்ப்பு. அரளி நம் பக்கத்துப் பூதான், சேலம் ஜில்லாவில் வெள்ளாமையாகவே போடுகிறார்கள், நானும் சாமிக்கு வைக்கிறவன்தான். ஆனால் செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டின் விஷமும் போய் நிறுத்துவது இதே சோடியம் மோட்டாரைத்தான். டிகாக்சினும் அதுவும் ஒரே ஜாதி, அளவு மட்டும் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. செடியில் விஷம் இல்லாத பாகமே கிடையாது. தெரியாமல் ஒரு குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி வருகிறதா என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. பூ வேண்டுமானால் மல்லிக் கொடி வைத்துக்கொள்ளலாம், கன்று நான் வாங்கித் தருகிறேன்.

சுப்பாராவிடம் திரும்புவோம். ஹார்வர்டில் அவருக்கு 1930-இல் பி.எச்.டி. கிடைத்தது, நிரந்தரமான பதவி மட்டும் கிடைக்கவில்லை. கண்டுபிடிப்புகளில் பெரும் பங்கு ஃபிஸ்கேயுடையது என்று தன் வாயாலேயே சொல்லி அவருக்கு வழி விட்டார் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். நல்ல குணமா, ஏமாளித்தனமா என்று எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. 1940-இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் பக்கம் பேர்ல் ரிவர் என்ற ஊரில் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். அங்கே ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைமை ஏற்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எட்டே வருடம். அவருடைய குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து காட்டியது. கர்ப்பிணிகளுக்கு அங்கன்வாடியில் இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்களே, அதே ஃபோலிக். அண்ணன் தம்பிகளைக் கொண்டுபோன ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தானது. ஃபோலிக் அமிலத்தைக் கொஞ்சம் மாற்றிச் செய்த பொருள்களை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த நோய்க்கு முதன்முதலாக மருந்து வேலை செய்தது அப்போதுதான். அந்த வம்சத்தில் வந்த மெத்தோட்ரெக்சேட்டை மூட்டு வாதத்துக்காக நம் குடியிருப்பிலேயே வாராவாரம் சாப்பிடுகிறவர்கள் உண்டு. யானைக்கால் நோய்க்கு ஊர் ஊராகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் அந்தக் கூடத்திலிருந்து வந்ததுதான். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்டெடுத்தவர் டக்கர் என்ற முதியவர். எழுபது தாண்டிய அவருக்கு இடம் கொடுத்து வேலை செய்ய விட்ட ஆராய்ச்சித் தலைமை சுப்பாராவுடையது. பத்திரிகைக்காரர்கள் முன்னால் நிற்க அவருக்குப் பிடிக்காது. பெயர் மற்றவர்களுக்குப் போனது.

1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்று வயதில், ஒரு ராத்திரி தூக்கத்திலேயே இறந்துபோனார். மாரடைப்பு.

மாரடைப்பில் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பது இப்போது உங்களுக்கே புரியும். ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் ஆக்சிஜன் வராது. ஆக்சிஜன் இல்லாமல் ஏ.டி.பி. போதுமான அளவு உண்டாகாது. முதலில் பேட்டரி, அதாவது பாஸ்போகிரியேட்டின், சில நிமிஷத்தில் காலி. பிறகு மோட்டார் தளர்கிறது. சோடியம் ஏறுகிறது. லிப்ட் நிற்கிறது. கால்சியம் தேங்குகிறது. தசை தளர்வதற்கும் ஏ.டி.பி. வேண்டும், அதுவும் இல்லை. சுருங்கியது சுருங்கியபடியே விறைத்துக்கொள்கிறது. சுமார் அரை மணியில் செல்கள் சாக ஆரம்பிக்கின்றன. ஒன்றாகச் சாவதில்லை, நேரம் போகப் போக ஒரு ஓரத்திலிருந்து பரவுகிறது. அப்படிச் செத்த செல்லிலிருந்து, பாஸ்போகிரியேட்டினைக் கையாளும் நொதி ஒன்று ரத்தத்தில் கசியும். சி.பி.கே.-எம்.பி. என்று பழைய லேப் ரிப்போர்ட்டுகளில் பார்த்திருப்பீர்கள். இப்போது அதன் இடத்தில் ட்ரோபோனின் டெஸ்ட் வந்துவிட்டது. சி.பி.கே.வை நூற்றுக்கணக்கான பேருக்குப் பார்த்து எழுதிக் கொடுத்தவன் நான்.

அப்படிப்பட்ட நானே நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழி சாயங்காலம் நெஞ்சு அடைத்தபோது வாயு என்று நினைத்தேன். ஓமத் தண்ணீர் குடித்தேன். கொஞ்சம் நடந்தால் சரியாகும் என்று மொட்டை மாடியில் நடந்தேன். இரண்டு மணி நேரம் போனது. வீட்டுக்காரிக்குச் சொன்னால் பயந்துவிடுவாள் என்று சொல்லவும் இல்லை. கடைசியில் எதிர் வீட்டுத் தம்பி என் வேர்வையைப் பார்த்து, ஒரு வார்த்தை கேட்காமல் காரில் ஏற்றினார். ராசிபுரம் வழியாகச் சேலம் போய்ச் சேரும் வரை வழியில் ஒவ்வொரு வேகத்தடையும் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் எக்கோவில் இதயத்தின் முன் சுவரில் ஒரு பகுதி சரியாகச் சுருங்கவில்லை என்று வந்தது. இனி அது திரும்பாது. அந்த இரண்டு மணி நேரத்தில் எத்தனை செல்களில் மோட்டார் நின்றிருக்கும் என்று சில ராத்திரி கணக்குப் போட்டுப் பார்ப்பேன். படித்தவன், தெரிந்தவன், லேப்பில் நின்றவன். தெரிந்ததெல்லாம் அன்று மொட்டை மாடியில் உதவவில்லை.

சுப்பாராவுக்கு அந்த இரண்டு மணி நேரம்கூடக் கிடைத்திருக்காது. கிடைத்திருந்தாலும் 1948-இல் ஸ்டென்ட் இல்லை, அடைப்பைக் கரைக்கும் ஊசி இல்லை. படுக்க வைத்து வலிக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வதுதான் அன்றைய வைத்தியம்.

இந்திய அரசு 1995-இல், அவருடைய நூற்றாண்டுக்கு, ஒரு தபால்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக் காளானுக்குச் சுப்பாரோமைசிஸ் என்று அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான் ரத்தம் கொடுக்கப் போகும் லேப்பில் இப்போது எல்லாம் மிஷின்தான். குழாயை உள்ளே வைத்தால் பேப்பர் வெளியே வருகிறது. போன முறை அங்கே இருந்த பெண்ணிடம் பாஸ்பரஸ் எந்த முறையில் பார்க்கிறீர்கள் அம்மா என்று கேட்டேன். மிஷின் முறை சார் என்றாள். நீல நிறத்தைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள், பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த செயற்குழுவில் மூன்று விஷயம் வைத்திருக்கிறேன்: ஜெனரேட்டர் டீசலுக்கு ஒரு பொறுப்பாளர், அரளிச் செடி, ராத்திரி அவசரத்துக்கு கார் எடுக்கச் சம்மதிப்பவர்களின் போன் நம்பரையும் 108-ஐயும் ஒவ்வொரு மாடியிலும் ஒட்டுவது. கார் வைத்திருப்பவர்கள் பெயர் கொடுங்கள். எதிர் வீட்டுத் தம்பி முதல் பெயராக எழுதிவிட்டார்.

அடுத்த இதழில் நம் ஊர் நாதஸ்வர வித்வான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வாசிப்பை நேரில் கேட்ட பெரியவர்கள் நம் குடியிருப்பில் யாராவது இருந்தால் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், காபி போட்டு வைக்கிறேன்.